ஐயெல்ட்ஸில் என்னைக் கவிழ்த்த 'சரி'

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் முதல் தடவை எனக்குக் கிடைத்தது 5.5. தேவைப்பட்டது 6.5. மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், அரைத்தூக்கத்தில் எழுதியதுதான் காரணம் என்று கொஞ்ச நாள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒருநாள், பரீட்சைக்கு முன் வீட்டில் எழுதிப் பழகிய தாள்களை எடுத்து ஆறுதலாக வாசித்தேன். ஒரு வரைபடத்தை விவரிக்கும் இடத்தில் 'பிரிசைஸ்லி அபவுட் 47 பெர்சன்ட்' என்று எழுதியிருந்தது. அதாவது, 'மிகத் துல்லியமாக, ஏறக்குறைய 47 வீதம்'. தமிழில் யாராவது இப்படிச் சொன்னால் நான் முதலில் சிரித்திருப்பேன்.

இந்த ஒரு பிழையால்தான் புள்ளி குறைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுத்துப் பகுதிக்குப் புள்ளி போடுவது நான்கு அளவுகோல்களில், நான்குக்கும் சம பங்கு. அதில் ஒன்று சொல்வளம், இன்னொன்றின் பெயரிலேயே 'அக்கியுரசி' (பிழையின்மை) இருக்கிறது. அந்தச் சொல்லையே சரியாக விளங்காமல் பரீட்சைக்குப் போனவன் நான்.

விளங்காமல் போனதற்குக் காரணம் ஒரு பட்டியல். நான் போன வகுப்பில் ஒத்தசொற்கள் என்று ஒரு தாள் தந்தார்கள். அக்கியுரட், பிரிசைஸ், எக்ஸாக்ட், கரெக்ட் நான்கும் ஒரே வரியில். எதிரே 'சரியான, துல்லியமான'. ஒரே சொல்லைத் திரும்ப எழுதாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்கள். நானும் போட்டேன். நமக்கு 'சரி' என்ற ஒரு சொல்லே போதும்: கணக்குச் சரி, சட்டை அளவு சரி, நீ சொன்னது சரி, சரி வாறன். ஆங்கிலத்தில் இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இதை விளங்கப்படுத்தியது புத்தகம் அல்ல, மாமாவின் நெல். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அவருக்குக் கொஞ்சம் வயல். ஒரு போகத்தில் நெல் வாங்க வந்தவரின் மின்தராசில் மாமாவுக்குச் சந்தேகம். ஒரே மூட்டையை மூன்று தரம் வைக்கச் சொன்னார். மூன்று தரமும் ஒரு கிராம்கூட மாறாமல் அதே நிறை. வந்தவருக்குப் பெருமை. மாமா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய், மதில் கட்ட வாங்கி வைத்திருந்த 50 கிலோ சீமெந்துப் பையொன்றைத் தூக்கி வந்து வைத்தார். 48.6 காட்டியது. "தராசு மாறிமாறிக் காட்டல்ல மனே, ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுது" என்றார்.

அந்தத் தராசு பிரிசைஸ், ஆனால் அக்கியுரட் இல்லை. எத்தனை நுணுக்கமாக, எத்தனை தரம் மாறாமல் சொல்கிறது என்பது பிரிசைஸ். சொல்வது உண்மைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது அக்கியுரட். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சிறிய தடிப்புகளை அளக்கும் திருகுக் கணிச்சி மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். பூச்சிய வழுவை, அதாவது ஒன்றும் வைக்காதபோதே அது காட்டும் பிழையான அளவை, கழிக்க மறந்தால் அந்த நுணுக்கமெல்லாம் வீண். செய்முறைப் பரீட்சைக்காக இதைப் பாடமாக்கிய எனக்கு, ஆங்கிலப் பாடத்தில் அதே விஷயம் வந்தபோது அடையாளம் தெரியவில்லை. (துல்லியம் என்ற சொல்லும் தராசைக் குறிக்கும் 'துலா'விலிருந்து வந்த வடசொல்தான். மாமாவிடம் சொன்னேன், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

இன்னோர் உதாரணம், இதை நீங்களே செய்து பார்க்கலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேலே போகும் கல்லடிப் பாலத்தில் நடந்துகொண்டே போனில் வரைபடத்தைத் திறந்தால், சில வேளை நீலப் புள்ளி உங்களை வாவிக்குள் இறக்கிவிடும். ஆனால் இருக்கும் இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் ஆறு தசமதானத்தில் எழுதிக் காட்டும். பாகையில் ஆறு தசமதானம் என்றால் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நுணுக்கம். வெளியான இடத்தில்கூட போனின் ஜிபிஎஸ் சில மீற்றர் தவறும். ஆகவே எண் பிரிசைஸ், இடம் அக்கியுரட் இல்லை. இதை எழுதும்போது 'அக்கியுரட் டு விதின் ஃபைவ் மீற்றர்ஸ்' (ஐந்து மீற்றருக்கு மேல் தவறாது) என்ற அமைப்பு வரும். 'டு விதின்' இரண்டும் சேர்ந்தே வரும், அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாக்ட் என்றால் மிச்சம் மீதி கிடையாது. பஸ்ஸில் கொண்டக்டர் மாற்றிய காசு கேட்கிறார், டிக்கெட் விலைக்கு ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் நீட்டுகிறீர்கள், அது 'எக்ஸாக்ட் அமவுன்ட்'. அந்த இடத்தில் 'அக்கியுரட் அமவுன்ட்' என்று சொன்னால் கேட்பவருக்கு ஏதோ இடிக்கும். பழைய கல்லடிப் பாலம் திறந்தது 1924இல், புதியது 2013இல். அவை எக்ஸாக்ட் ஆண்டுகள். 'சுமார் நூறு வருஷப் பாலம்' என்று சொன்னால் அது எக்ஸாக்ட் இல்லை, ஆனால் அக்கியுரட்தான். எனக்கு அதிகநாள் குழம்பியது இந்த இடம்தான். மேலோட்டமாகச் சொன்ன ஒன்றும் அக்கியுரட்டாக இருக்கலாம், பொய்யாக இல்லாதவரை.

கரெக்ட் என்பது பெரும்பாலும் சரியா பிழையா என்ற கேள்விக்கு. பல்தேர்வு வினாவில் கரெக்ட் விடை ஒன்றுதான். 'ஃபெயர்லி அக்கியுரட்' என்று எழுதலாம், ஏனென்றால் அதில் கூடக் குறைய உண்டு; கரெக்ட்டோடு அந்த 'ஓரளவு' நன்றாக ஒட்டாது. கரெக்ட் வினையாகவும் வரும், பிழையைத் திருத்து என்ற பொருளில். லத்தீன் மூலத்தில் அதற்கு நேராக்குதல் என்று பொருள். அக்கியுரட்டின் மூலத்தில் இருப்பது கவனம், பிரிசைஸின் மூலத்தில் இருப்பது வெட்டுதல். வேண்டாததை வெட்டிக் குறுக்கியது என்று பிடித்துக்கொண்டால் 'பிரிசைஸ் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' ஏன் இயல்பாக இருக்கிறது என்று தெரியும்.

எதிரில் இருப்பவர் சொன்னதை ஆமோதிக்க 'யூ ஆர் ரைட்' என்பதே இயல்பு. 'யூ ஆர் அக்கியுரட்' என்று நான் ஒருமுறை சொல்லி, கேட்டவர் ஒரு கணம் யோசித்தார். அது குறி தவறாதவர் என்பது போல ஒலிக்கும்.

ட்ரூவைப் படிக்கத் தனியாகப் பாடம் வேண்டாம். வேலைக்கு விண்ணப்பித்த எல்லாரும் சான்றிதழின் போட்டோக் கொப்பியை ஜே.பி.யிடம் (சமாதான நீதவானிடம்) கொண்டுபோய் 'ட்ரூ கொப்பி' முத்திரை குத்தியிருப்போம். மூலத்துக்கு உண்மையாக இருக்கிறது என்பது அதன் பொருள். விண்ணப்பப் படிவத்தின் அடியில் 'ட்ரூ அண்ட் கரெக்ட்' என்று ஒரு வரி இருக்கும். பலர் வாசிக்காமலே கையொப்பம் வைக்கும் வரி. அங்கே இரண்டு சொல்லும் சும்மா அடுக்கி வைத்தவை அல்ல: நடந்ததைத்தான் சொல்கிறேன், அதைப் பிழையில்லாமல் நிரப்பியிருக்கிறேன்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். எழுத்தின் முதல் வினாவுக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொல். அட்டவணையில் எண் அச்சிட்டிருந்தால் அதையே எழுதுங்கள், '46.83'க்கு முன் 'அப்ராக்சிமேட்லி' போட்டால் கேலிக்கூத்து. கோட்டு வரைபடத்தில் கண்ணளவாகத்தான் வாசிக்க முடியும், அங்கே 'ஜஸ்ட் அண்டர்', 'ரஃப்லி', 'அபவுட்' கைகொடுக்கும். 'எக்ஸாக்ட்லி'யை உண்மையிலேயே பாதியாக, இருமடங்காக இருக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். வாசிப்புப் பகுதியின் ட்ரூ, ஃபால்ஸ், நொட் கிவன் வினாக்களிலும் இதே கண் வேண்டும். பந்தியில் 'பாதிக்குச் சற்றுக் குறைய', வினாவில் 'பாதிக்கு மேல்' என்றிருந்தால் அது ஃபால்ஸ். நான் 'கிட்டத்தட்டச் சரிதானே' என்று ட்ரூ போட்டு இழந்த புள்ளிகள் கொஞ்சமல்ல.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் முக்கால்வாசிப் பேர் 'அக்யூரேட்' என்று கடைசியை இழுக்கிறோம். அழுத்தம் முதலில், கடைசி 'ரட்' என்று சுருங்கும். எக்ஸாக்ட்டைப் பேச்சில் 'இக்ஸாக்ட்' என்றுதான் கேட்பீர்கள், நடுவில் வரும் ஒலி 'க்ஸ்' அளவுக்கு வன்மையானதல்ல.

பழகிய விதம் எளிது. சொல்லுக்கு ஒரு பக்கம் என்று கொப்பியில் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊர் வாக்கியம் எழுதினேன். பிரிசைஸ் பக்கத்தில் மாமாவின் தராசு, எக்ஸாக்ட் பக்கத்தில் பஸ் காசு. ஒரு சொல்லை எழுதமுன், இங்கே நான் 'சரி' என்று எதைச் சொல்ல வருகிறேன் என்று தமிழிலேயே கேட்டுக்கொள்வேன். முதல் இரண்டு கிழமை எழுத்து நத்தை வேகத்தில் போனது. பிறகு கேட்காமலே கை போட ஆரம்பித்தது.

இரண்டாம் தடவை பேச்சுப் பகுதியில், உங்கள் ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். 'எக்ஸாக்ட்லி ஐ டோன்ட் நோ' என்பது நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அது தமிழ் வரிசையில் வரும் ஆங்கிலம். விழுங்கிவிட்டு, 'ஐ டோன்ட் நோ எக்ஸாக்ட்லி, பட் இட்ஸ் ரஃப்லி த்ரீ ஹண்ட்ரட் கிலோமீற்றர்ஸ்' என்றேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எழுத்துப் பகுதியில் அந்த முறை 6.5 வந்தது. எக்ஸாக்ட்லி 6.5.