செக்ரோல் தாளின் பின்பக்கம்

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் செக்ரோல், அதாவது ஆட்களின் வேலைப் பதிவேடு, எழுதுகிற கிளாக்கர். ஆளுக்கு ஒரு வரி, தேதிக்கு ஒரு கட்டம். யார் என்றைக்கு எந்த மலையில் நின்றார், முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் வேலையா அரைநாள் வேலையா), கொழுந்து எத்தனை கிலோ. பகல் முழுக்க இதுதான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் சுடோகுக் கட்டத்தோடு மல்லுக்கட்டுகிறேன் என்றால் அதற்கு அக்கா மகள்தான் காரணம்.

2022 சித்திரை லீவு. அதற்கு முந்திய மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். சித்திரையில் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் இரவில் மெழுகுதிரியைத் தேடுவது நிற்கவில்லை. மருமகள் ஓஎல் (சாதாரண தர) சோதனைக்குப் படிக்கிறேன் என்று டிக்கோயாவிலிருந்து புத்தகப் பையோடு என் குவாட்டர்ஸுக்கு வந்திருந்தாள். போனில் சார்ஜ் நிற்காது. கொப்பி வாங்கக் கடைக்குப் போனால் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டிய காலம். ஆபீசில் கழித்துப்போட்ட பழைய செக்ரோல் தாள்கள் ஒரு கட்டு கிடந்தன. பெரிய தாள், பின்பக்கம் வெறுமை. கேட்டு எடுத்து வந்தேன், கணக்குச் செய்து பார்க்கட்டும் என்று.

இரண்டாம் நாள் இரவு ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். "மாமா, ஒம்பதுக்கு ஒம்பது கட்டம் போட்டுத் தாங்க. நீங்கதான் கோடு நேரா போடுவீங்க."

போட்டேன். பழைய ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பார்த்து அங்கங்கே எண்களை எழுதினாள். பிறகு மூன்று கட்டத்துக்கு ஒரு கோட்டைப் பென்சிலால் அழுத்தித் தடிப்பாக்கினாள். ஒன்பது சின்னப் பெட்டிகள் வந்தன.

"ஒவ்வொரு நிரையிலயும் ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் ஒருக்கா ஒருக்கா வரணும். ஒவ்வொரு நிரல்லயும் அப்படித்தான். இந்தப் பெட்டி ஒவ்வொண்ணுலயும் அப்படித்தான். அவ்வளவுதான் மாமா."

நிரை, நிரல் என்று பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல்லை அவள் சொல்லச் சொல்ல எனக்கு எது படுக்கை எது நெட்டு என்று மாறி மாறிப் போனது. இரண்டு சொல்லும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நிரை என்றால் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஆட்கள் பக்கம் பக்கமாக நிற்பது என்று நானே ஒரு ஞாபகக்குறி வைத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டத்தை நான் கிளாக்கர் புத்தியோடு ஆடினேன். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. அப்படியானால் எந்த வரியைக் கூட்டினாலும் 45 வரவேண்டும். மாதக் கடைசியில் செக்ரோலைக் குறுக்கும் நெடுக்கும் கூட்டி ஒத்துப்பார்க்கிற கைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊகித்து ஊகித்து நிரப்பினேன். ஒவ்வொரு வரியாகக் கூட்டினேன். ஏழு வரிகள் 45 வந்ததும் பெருமையோடு தாளை நீட்டினேன். அவள் கூட்டவே இல்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நாலாவது நிரையில் விரலை வைத்தாள். அங்கே இரண்டு 5. 4, 6 இருக்கவேண்டிய இடத்தில் 5, 5 போட்டாலும் கூட்டுத்தொகை 45தானே!

"இதுல கூட்டல் கழித்தல் ஒண்ணுமில்ல மாமா. எண்ணுக்குப் பதிலா ஒம்பது பூவைப் போட்டாலும் இதே வெளாட்டுதான்."

அது நல்ல அடி. சுடோகு என்றாலே "எனக்குக் கணக்கு வராது" என்று ஒதுங்குகிறவர்களிடம் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன். கணக்கே தொழிலான எனக்குத்தான் அது வரவில்லை.

என் இரண்டாவது பிழை, ஒரு வெற்றுக் கட்டத்தைப் பார்த்து "இதில் என்ன வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் கேள்வியைத் திருப்பிப் போட்டாள். "5 எங்க போகும்னு கேளுங்க." மேலே உள்ள மூன்று பெட்டிகளை மட்டும் பார்க்கச் சொன்னாள். நடுப்பெட்டியில் 5 இரண்டாவது நிரையில் இருந்தது. வலப்பெட்டியில் மூன்றாவது நிரையில். அப்படியென்றால் இடப்பெட்டியின் 5 முதலாவது நிரைக்குத்தான் போகவேண்டும், வேறு போக்கில்லை. அந்த இடத்தில் மூன்று கட்டங்கள். முதலாவதில் 8, மூன்றாவதில் 2 ஏற்கெனவே இருந்தன. நடுவில் 5. ஊகம் இல்லை, கூட்டல் இல்லை.

இதைப் பார்த்ததும் செக்ரோல் ஞாபகம் வந்துவிட்டது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு மலையில் பேர் போட முடியாது. ஆள் மேல்மலையிலும் இல்லை, கீழ்மலையிலும் இல்லை, ஆனால் வேலைக்கு வந்தது நிச்சயம் என்றால் எங்கே நின்றார் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. இந்த ஒரு முறையை வைத்தே பேப்பரில் "இலகு" என்று போட்டிருப்பவற்றை முடித்துவிடலாம்.

நடுத்தரத்துக்கு வந்தபோது கட்டத்தின் மூலையில் குட்டி எண்கள் எழுதச் சொன்னாள். நான் வரக்கூடிய எல்லாவற்றையும் எழுதினேன். தாள் சீனியில் எறும்பு மொய்த்த மாதிரி ஆனது. அழிறப்பர் தேய்ந்து தாளே ஓட்டையானது. பிறகுதான் அவள் சிக்கனத்தைச் சொன்னாள்: ஒரு பெட்டிக்குள் ஒரு எண்ணுக்கு இரண்டே இரண்டு இடம் மிஞ்சினால் மட்டும் குட்டி எண் போடு, மூன்று இடம் இருந்தால் விட்டுவிடு. 2007, 2008, 2011 என்று மூன்று தடவை சுடோகு உலகச் சாம்பியனான அமெரிக்கர் தோமஸ் ஸ்னைடரின் பெயரால் இந்த முறையைச் சொல்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது சோடி. ஒரு நிரையில் இரண்டு கட்டங்களுக்கு 3, 7 தவிர வேறு எதுவும் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் 3 எதில் 7 என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்கு ஒருத்தர், மருந்தடிக்க ஒருத்தர் என்று இரண்டே இடம். அதற்கு இந்த இரண்டு பேர்தான் என்று கங்காணி முடிவாகச் சொல்லிவிட்டால் மூன்றாவது ஆளை அங்கே அனுப்ப முடியாது. அதே நிரையில் 3, 7, 9 என்று குட்டி எண் போட்டிருந்த இன்னொரு கட்டத்தில் 3ஐயும் 7ஐயும் அடித்தாயிற்று. அங்கே 9. ஒன்றும் தெரியாத இடத்திலிருந்து ஒன்று தெரியவருகிறதே, அந்த இடம்தான் எனக்கு இந்த விளையாட்டைப் பிடித்துப்போன இடம்.

பெயர் ஜப்பான், பிறப்பு அமெரிக்கா. ஹோவார்ட் கான்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் செய்தது என்கிறார்கள். 1979இல் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் வேறு பெயரில் வந்தது. 1984இல் ஜப்பானில் நிக்கோலி என்ற புதிர் வெளியீட்டு நிறுவனம் அதை எடுத்துப்போட்டபோது வைத்த நீளமான தலைப்பின் பொருள், எண்கள் கல்யாணம் கட்டாதவையாக மட்டும் இருக்கவேண்டும் என்பது. அதைச் சுருக்கியதுதான் சுடோகு. இதை நான் வாசித்துச் சொன்னபோது மருமகள் தாளிலிருந்து தலையே எடுக்காமல், "அப்ப உங்களுக்குன்னே செஞ்சது மாமா" என்றாள். எனக்கு அப்போது 41 வயது. நான் பிளேன்டீ ஊற்றப் போய்விட்டேன்.

இனி வடைப் பேப்பர்க் கதை.

ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பருப்பு வடை வாங்கினேன். சுற்றித் தந்த பழைய பேப்பர்த் துண்டில் ஒரு சுடோகு முழுசாக இருந்தது. "மிகக் கடினம்" என்று வேறு போட்டிருந்தது. விடை இருந்த பகுதி வேறு யாருடைய வடையோடு போனதோ. காசல்ரீ தண்ணீர் தெரிகிற வளைவு வரும்போது வடை முடிந்தது. நான் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றிரவே எண்களைச் செக்ரோல் தாளில் பெயர்த்து எழுதினேன்.

மூன்று இரவு. முப்பது கட்டம் வரை நன்றாகப் போகும், பிறகு எட்டாவது நிரலில் ஏதாவது ஒரு எண்ணுக்கு இடமே இருக்காது. நான்தான் எங்கோ பிழை விட்டேன் என்று எல்லாவற்றையும் அழித்துத் திரும்பத் தொடங்குவேன். மருமகளும் தனியாக ஒரு தாளில் செய்து அதே இடத்தில் வந்து நின்றாள். மூன்றாம் இரவு அவள் அந்த எண்ணெய்த் துண்டையே கேட்டாள். மெழுகுதிரிக்கு முன்னால் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மாமா, இது 8 இல்ல. 3. எண்ணெயில பின்பக்கத்து எழுத்து தெரியுது."

மல்லாக்கத் திருப்பினால் அங்கே ஒரு விளம்பரத்தின் வளைவான எழுத்து. அது 3இன் இடப்பக்கத்தை மூடி 8 ஆக்கியிருந்தது. மழை நாளில் நனைந்து வருகிற கொழுந்துச் சிட்டையில் 1ஆ 7ஆ என்று சந்தேகம் வந்தால் நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கே நடந்து போய்க் கேட்டுவிட்டுத்தான் பதிவேன். ஒரு ஆளுடைய காசு அது. இங்கே அச்சில் வந்தது என்பதற்காக ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

3ஐப் போட்ட பிறகும் அது இலேசில் விழவில்லை. 40 கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. அங்கேதான் எக்ஸ் விங் என்பதைக் கற்றேன். இரண்டாவது நிரையில் 4 போகக்கூடிய இடம் இரண்டு: மூன்றாவது நிரல், ஏழாவது நிரல். ஆறாவது நிரையிலும் அதே இரண்டு நிரல்கள்தான். நாலு கட்டங்களும் ஒரு செவ்வகத்தின் மூலைகள். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அவள் நெருப்புப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாய்த்து வைத்தாள். "ஒண்ணு, 4 இப்படி இருக்கும்." இன்னொரு குச்சியை அதற்குக் குறுக்கே வைத்தாள். "இல்லாட்டி இப்படி. எப்படி இருந்தாலும் மூணாம் நிரலுக்கு ஒரு 4, ஏழாம் நிரலுக்கு ஒரு 4 வந்துடுதில்லையா? அப்ப இந்த ரெண்டு நிரல்லயும் வேற எங்கயாச்சும் 4 வரலாமா?"

வராது. ஏழாவது நிரலின் அடியில் 4, 9 என்று மூன்று நாளாகக் குந்தியிருந்த கட்டத்தில் 4ஐ அடித்தேன். 9 வந்ததும் மீதி, கோர்த்த பாசி அறுந்த மாதிரிச் சடசடவென்று விழுந்தது.

இதற்கு மேலும் முறைகள் உண்டு. எக்ஸ் விங்கையே மூன்று நிரை மூன்று நிரலுக்கு விரித்தால் அதற்குப் பெயர் வாள்மீன். அதை நான் தேடிக் கண்டுபிடித்தது இதுவரை இரண்டே தடவைதான். இன்னொன்று இருக்கிறது, எனக்குப் பிடிக்காதது. இரண்டே பெட்டிகளுக்குள் அடங்குகிற ஒரு செவ்வகத்தின் நாலு மூலைகளிலும் ஒரே இரண்டு எண்கள் மிஞ்சினால் புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும். நல்ல புதிருக்கு ஒரு விடைதான். ஆகவே நாலாவது மூலையில் வேறு எண்தான் வரவேண்டும் என்று முடிவுகட்டுவது. தர்க்கம் சரிதான், போட்டிகளிலும் செய்கிறார்கள். ஆனால் அது கட்டத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, புதிர் செய்தவரை நம்பிச் சொல்வது. மேலே உள்ளவர் சரியாகத்தான் போட்டிருப்பார் என்று நான் செக்ரோலில் ஒரு பேரும் பதிவதில்லை. வடைப் பேப்பருக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

ஒரே விடைதான் வரவேண்டும் என்றால் குறைந்தது 17 எண்களாவது தந்திருக்கவேண்டும். 16 போதாது என்று டப்ளினில் கணிதப் பேராசிரியர் கேரி மெக்குவயர் குழுவினர் கணினியில் தேடி 2012இல் அறிவித்தார்கள். இதை மருமகளுக்குச் சொல்லியிருக்கக்கூடாது. இப்போது அவள் ஏஎல் (உயர்தர) சோதனையும் எழுதிவிட்டாள். போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள்: 17 எண்கள், மீதி 64 கட்டமும் வெறுமை. கீழே, "விடை கேக்கக்கூடாது. போன்ல போட்டுப் பாக்கக்கூடாது."

பழைய கட்டில் இன்னும் நாலு தாள் மிச்சம் இருந்தது. ஒன்றில் கோடு போட்டுப் பெயர்த்து எழுதினேன், இந்தத் தடவை எண் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் ஒத்துப்பார்த்து. நேற்று இரவு வரை 22 கட்டம் விழுந்திருக்கிறது.