வாடகையை யார் வாங்குகிறார்கள்?

வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் நிர்வாக உரிமை கேட்கும் மனுக்களைச் சீனியர் என் பக்கம்தான் தள்ளிவிடுவார். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், அல்லது உயிலில் அதை நிறைவேற்ற ஆளைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், சொத்தைத் திரட்டி, கடனை அடைத்து, மிச்சத்தைப் பங்கிட நீதிமன்றம் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும். 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' என்பது அதுதான். இறப்புச் சான்றிதழ், வாரிசு விவரம், சொத்துப் பட்டியல் எல்லாம் இணைத்துத் தாக்கல் செய்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன், முதல் கேவியட் வரும்வரை. என்னைக் கேட்காமல் இந்த அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று எதிர்ப்பவர் முன்கூட்டியே நீதிமன்றத்தில் போட்டு வைக்கும் மனுதான் கேவியட்.

கேவியட் போட்டவருக்கு நோட்டீஸ் போகாமல் மனு நகராது. அவர் எதிர்ப்பில் உறுதியாக நின்றால் மனு ஒரு சிவில் வழக்கு மாதிரியே நடக்கும். மனுதாரர் வாதி, எதிர்ப்பவர் பிரதிவாதி. அப்புறம் சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா.

ஒரு வழக்குக் கட்டு மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது. அப்பா உயில் இல்லாமல் இறந்துவிட்டார், அண்ணன் மனுப் போட்டார், தங்கை எங்களிடம் வந்தார். பங்கில் தகராறே இல்லை, ஆளுக்குப் பாதி என்று இருவருமே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிறகு எதற்கம்மா வழக்கு என்று கேட்டேன். மனுவின் நகலைப் பிரித்து வாரிசுகள் பத்தியில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். அவர் பெயர் இருந்தது, முகவரி இருந்தது, கூடவே 'குடும்பத்துடன் தொடர்பில் இல்லாதவர்' என்றும் இருந்தது. "கடைசி நாலு வருஷம் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது யாருங்க சார்?" என்றார். விரலை எடுக்கவே இல்லை.

இந்த வழக்குகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். பணம் பிறகுதான் வருகிறது. 'நிர்வாகி' என்ற சொல்லை எல்லோரும் 'சொந்தக்காரர்' என்றோ 'அப்பா நம்பிய பிள்ளை' என்றோ படித்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படி எதையும் சொல்லவில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 218ஆவது பிரிவுப்படி, உயிலின்றி இறந்த இந்துவின் சொத்தில் பங்கு பெறும் உரிமை உள்ள யாருக்கும் இந்த அதிகாரத்தைத் தரலாம். பலர் கேட்டால் ஒருவருக்கா, சேர்த்தா என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. மூத்தவர், ஆண், கூடவே இருந்தவர் என்ற வரிசை எதுவும் அதில் கிடையாது. வருவதோ முழுக்கச் சுமைதான். ஜாமீன் பத்திரம் எழுதித்தர வேண்டும், 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும், வீட்டையோ நிலத்தையோ விற்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். பட்டியலையும் கணக்கையும் காரணமில்லாமல் தராமல் விட்டால் கொடுத்த அதிகாரத்தையே ரத்து செய்யலாம். இதை முதல் நாளே இரு தரப்புக்கும் யாராவது பொறுமையாக விளக்கினால் எத்தனை கேவியட் குறையும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அன்று நான் விளக்கவில்லை. அண்ணனின் குணத்தைப் பற்றி 12 பக்கத்துக்கு எதிர்மனு எழுதினேன். அதை நீதிபதி புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாடி வாடகையை இப்போது யார் வாங்குகிறார்கள்?" இரண்டு பக்கமும் பதில் இல்லை. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் குடித்தனக்காரர் 7 மாதமாக யாருக்கும் கொடுக்கவில்லை, சொத்துவரியும் பாக்கி.

பகையை மட்டும் வைத்து வாதாடினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1884இல் லெட்டர்ஸ்டெட் எதிர் பிரோயர்ஸ் வழக்கில் பிரிட்டிஷ் காலனிகளின் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், பயனாளிகளின் நலன்தான் அளவுகோல், வெறும் மனக்கசப்பு மட்டும் ஒரு டிரஸ்டியை, அதாவது பிறருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்பவரை, நீக்கப் போதாது என்றது. நிர்வாகிகள் விஷயத்திலும் அதே பார்வைதான். அதை முன்பே படித்திருந்தும் 12 பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் முதல் மாதமே கேட்டிருக்க வேண்டியது 247ஆவது பிரிவை. வழக்கு முடியும்வரை நீதிமன்றமே ஓர் இடைக்கால நிர்வாகியை நியமிக்கலாம். அவர் சொத்தைக் காப்பாற்றுவார், பங்கு மட்டும் பிரிக்க முடியாது. பெரிய இடங்களிலும் இது தாமதமாகத்தான் வருகிறது. பிர்லா தொழில் குடும்பத்தைச் சேர்ந்த பிரியம்வதா பிர்லா இறந்தது 2004இல். அவர் உயிலை எதிர்க்க யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வி மட்டுமே 2008இல் உச்ச நீதிமன்றம்வரை போய் வந்தது, இடைக்கால நிர்வாகத்துக்கு மூவர் குழுவைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் நியமித்தது 2012இல்.

எங்கள் வழக்கில் ஒரு வக்கீலை இடைக்கால நிர்வாகியாகப் போட்டார்கள். பட்டியல் எடுக்க இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு இரும்பு பீரோவைத் திறந்தார். சாவி அண்ணனிடம் இருந்தது. இரண்டாவது தட்டில் டயாலிசிஸ் ரசீதுகள், மாதவாரியாகக் கிளிப் போட்டு, ஒவ்வொரு கட்டின் மேலும் பென்சிலில் அப்பாவின் நடுங்கிய கையெழுத்து: 'பாப்பா கட்டியது.' அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். கிளிப்பைச் சரிசெய்து திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

இரண்டு வாய்தா கழித்து அவருடைய வக்கீல், கூட்டாக நிர்வாக உரிமை கொடுத்தால் ஆட்சேபம் இல்லை என்றார். தங்கை என்னிடம் முதலில் கேட்டது அந்த வரி போய்விட்டதா என்றுதான். திருத்த மனு போட்டு அடித்துவிட்டோம்.

ஓராண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன் கையெழுத்துப் போட இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். அவர் காலையில், இவர் சாயங்காலம். மாடி ரூமுக்குப் புதுப் பூட்டு வாங்கிய ரசீதுகூடக் கணக்கில் இருந்தது.