கப்பல் நேரம், தீவு நேரம்

ஜனவரி 6, திங்கள்

குடும்பத்தோடு போகப்போகும் கப்பல் பயணத்தில் கடலுக்கடியில் டைவ் போடக் கேட்டிருந்தேன். மெக்சிகோவின் கொஸுமெல் தீவு டைவ் கடையிலிருந்து பதில் வந்தது. பிப்ரவரி 14 காலை 8.30-க்குப் படகு கிளம்பும், எட்டு மணிக்கே துறையில் இருங்கள், மருத்துவப் படிவத்தை நிரப்பிக் கையோடு கொண்டு வாருங்கள் என்று. எந்த 8.30? கப்பலின் 8.30-ஆ, தீவின் 8.30-ஆ? கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

“ஆமாம், 8.30” என்று பதில்.

ஜனவரி 9, வியாழன்

ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2014-இல் போனபோது இந்தக் குழப்பமே கிடையாது. அப்போது கொஸுமெலுக்கும் டெக்சாஸுக்கும் ஒரே நேரம். 2015 பிப்ரவரியில் கொஸுமெல் இருக்கும் மெக்சிகோ மாநிலம் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. கடற்கரையில் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும், சுற்றுலாவுக்கு நல்லது என்று. கோடையில் டெக்சாஸ் தானே ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுவதால் இரண்டும் ஒன்றாகிவிடும். நாங்கள் போவது பிப்ரவரியில். ஆக, கப்பல், தான் கிளம்பும் டெக்சாஸ் துறைமுகமான கால்வெஸ்டனின் நேரத்தையே வைத்துக்கொண்டு எட்டு மணிக்குக் கரை சேர்ந்தால், தீவில் அப்போது ஒன்பது. படகு போய் அரை மணி ஆகியிருக்கும்.

கப்பல் தன் கடிகாரத்தையும் மாற்றிக்கொண்டால் பிரச்சினையில்லை. மாற்றுமா? கப்பல் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். “கப்பலில் ஏறியதும் தினம் ஒரு தாள் வரும், அதில் இருக்கும்” என்றாள் அந்தப் பெண். ஏறிய பிறகு தெரிந்து என்ன செய்ய?

கைப்பேசியை நம்பவே கூடாது. தீவு அலைவரிசை பிடித்ததும் தானாக மாறிக்கொள்ளும். பழைய கைக்கடிகாரத்துக்கு பாட்டரி போட வேண்டும்.

ஜனவரி 11, சனி

மச்சினன் ஒரு மணி நேரம் பேசினான், கனடாவின் ப்ராம்ப்டனிலிருந்து. கப்பல்காரர்களிடமே டைவிங் பதிவு செய்துவிடலாமே என்கிறான். செய்யலாம்தான். அவர்கள் ஏற்பாட்டில் போய்த் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்கும், அதுதான் அதில் உள்ள பெரிய வசதி. நாமே கடை பிடித்துப் போனால் நிற்காது. பாஸ்போர்ட்டும் கையுமாகத் துறையில் நின்று கப்பலின் முதுகைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் படகில் இருபது பேர். யாருக்கோ காலில் மாட்டும் ஃபின் சேரவில்லை, யாருக்கோ காற்று சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று எல்லாரும் மேலே வர வேண்டியிருக்கும். சின்னக் கடையில் ஆறு பேர், ஒரு வழிகாட்டி. இருவருக்கும் சேர்த்து நூறு டாலருக்கு மேல் மிச்சம் வேறு.

கப்பல் கரைக்கு வராவிட்டால் பணம் பிடிக்க மாட்டார்களா என்பதை கொஸுமெல் கடை, ஹோண்டுராஸின் ரோவட்டான் தீவில் உள்ள கடை இரண்டிடமும் எழுத்தில் வாங்கிவிட்டேன். அது முக்கியம்.

அவன் ஏழு வருடமாகத் தண்ணீருக்குள் போகவில்லை. படிவம் அனுப்பச் சொன்னேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வாழ்த்து அனுப்பினான். படிவம் அனுப்பவில்லை.

ஜனவரி 15, புதன்

படிவத்தில் முதல் பக்கம் பத்துக் கேள்வி. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, 45 வயதைத் தாண்டியவரா என்பது. அதற்கு ‘ஆம்’ என்றால் அடுத்த பக்கத்தில் ஒரு கட்டம்: புகை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு. அதில் ஒன்றுக்கு ‘ஆம்’ போட்டாலும் மூன்றாம் பக்கத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். டாக்டர் கையெழுத்து இல்லாமல் போய் நின்றால் கடைக்காரன் படகில் ஏற்ற மாட்டான்.

மச்சினனுக்கு 47. நாலு வருடமாக பிரஷர் மாத்திரை.

“அத்தான், அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. ‘இல்லை’ன்னே போட்டுரலாம்” என்று குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினெட்டு மீட்டர் கீழே நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் உன் அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்று கத்திவிட்டேன். உப்புப் பெறாத விஷயமா இது?

அவள் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “உங்க படிவம் முடிஞ்சுதா?” என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஹூஸ்டனில் பனி. நிஜப் பனி, தெருவெல்லாம் வெள்ளை, விமான நிலையங்கள் மூடல். நீச்சல் குளப் பயிற்சி ரத்து.

ஜனவரி 25, சனி

குளத்துக்குப் போனேன். ஆழமான முனையில் நாலு மீட்டர்கூட இருக்காது. மாஸ்க்கைக் கழற்றி மாட்டினேன், மூச்சுவிடும் ரெகுலேட்டரைத் தேடி எடுத்து வாயில் வைத்தேன், எல்லாம் கை மறக்கவில்லை. காது மட்டும். மூக்கைப் பிடித்து ஊதினால் வலது ‘டக்’ என்று திறக்கிறது. இடது யோசிக்கிறது.

மேல் ஒன்றிரண்டு மீட்டரில்தான் தொல்லை என்று பயிற்சியாளர் சொல்வது சரிதான். பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு. அதற்குக் கீழே அதே பத்து மீட்டருக்கு விகிதத்தில் மாற்றம் குறைவு. ஆக, மேலேயே பிடித்துத் திறந்துவிட்டால் கீழே பயமில்லை.

திறந்தது. கடைசியில் திறந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

காதுக் கோளாறு உண்டா என்ற நான்காம் கேள்விக்கு ‘இல்லை’. ரோவட்டான் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மச்சினன் டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்து, மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து வாங்கிப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். “நீங்க திட்டுனதுக்கு அப்புறம் தூக்கமே வரல அத்தான். இப்பதான் நிம்மதி.” ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்பினேன். வேறென்ன அனுப்ப?

பிப்ரவரி 6, வியாழன்

நாள் முழுக்கக் காற்று வரைபடம். குளிர்காலத்தில் வடகாற்று இறங்கினால் கொஸுமெலில் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள், சின்னப் படகு எதுவும் போகாது. அலுவலகக் கூட்டத்தில் என்னை எதுவோ கேட்டார்கள். பேசியவர் இடது பக்கம் இருந்தார். “சரி” என்று சொல்லிவைத்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஏறிவிட்டோம். கால்வெஸ்டனில் மூடுபனி. கப்பல் கிளம்புமா கிளம்பாதா என்று இரண்டு மணி நேரம். இந்தப் பயணமே அத்தையின் எழுபத்தைந்துக்காக. அவருக்கோ தயிர்சாதம் கிடைக்குமா என்பதுதான் கவலை. கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் மகளை எழுப்பிவிட்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் ஏசி அடிக்கிறது போல.

“தண்ணிக்குள்ள போயி என்னத்தப் பாக்கப் போறீங்க?” என்று கேட்டார். மச்சினன் உற்சாகமாகத் தேரை மீனைப் பற்றிச் சொன்னான். கொஸுமெல் பக்கம்தான் உண்டு, தலையில் வரிவரியாக, துடுப்பு ஓரம் மஞ்சள், பவளப் பாறை இடுக்கில் பதுங்கிக் கிடக்கும். கண்ணில் படுவது அரிது, அது முனகும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்றான்.

“தேரையப் பாக்க இம்புட்டுச் செலவா” என்றார் அத்தை.

சத்தத்தை வைத்து.

பிப்ரவரி 11, செவ்வாய்

கடல். தினத்தாளில் கடிகாரம் பற்றி ஒரு வரியும் இல்லை. முகப்பு மேசையில் கேட்டேன். ரோவட்டானுக்கும் பெலீஸுக்கும் நம் நேரமேதானாம், கொஸுமெலுக்கு வியாழன் இரவு சொல்வார்களாம். கடைக்கு மறுபடி எழுதினேன், இந்த முறை படம் வரைந்து, இரண்டு கடிகாரம் போட்டு. உடனே பதில்: “கவலை வேண்டாம் நண்பரே. கப்பல் எட்டுக்கு வருகிறதா, தீவு நேரம் 10.15 படகில் வாருங்கள்.” இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம்.

10.15-க்குக் கிளம்பி இரண்டு டாங்க், அதாவது இரண்டு டைவ், முடித்து வர இரண்டு, இரண்டரை ஆகும். தீவு நேரம். கப்பலில் 4.30-க்குள் ஏற வேண்டும். கடிகாரம் மாறினாலும் மாறாவிட்டாலும் இடிக்காது. அப்புறம் ஞாயிறு மாலை மச்சினனுக்கு விமானம். பல டைவ் போட்டால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம், நமக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பிப்ரவரி 12, புதன்

ரோவட்டான்.

காக்ஸன் ஹோல் துறையிலிருந்து டாக்சியில் வெஸ்ட் எண்ட். கடையில் படிவத்தை வாங்கிப் பார்த்தார்கள். மச்சினனுடையதை நிதானமாக, மூன்றாம் பக்கம் வரை. என்னுடையதை ஒரு புரட்டு. படகு கிளம்பி ஐந்து நிமிடத்தில் பவளச் சுவர். தீவை ஒட்டியே கிடக்கிறது. மெக்சிகோவின் யுகதான் முனையிலிருந்து இங்கே வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டர் நீளும் அதே திட்டு.

மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். இரண்டு மீட்டர். மூன்று. இடது காதில் ‘ஙீ’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஊசி. அரை மீட்டர் ஏறினேன். தாடையை ஆட்டினேன். எச்சில் விழுங்கினேன். மற்றவர்கள் கீழே காத்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் டாங்கிலும் காற்று எனக்காகத் தீர்கிறது. வழிகாட்டி தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டிக் கேட்டார்: சிக்கலா? நான் விரலை வளைத்து ‘ஓகே’ காட்டினேன்.

ஆறேழு நிமிடம். பிறகு ஒரு ‘புஸ்’. திறந்ததா, வேறு ஏதாவதா தெரியவில்லை, வலி போயிற்று. இறங்கினேன்.

பதினைந்து மீட்டரில் ஒரு மூளைப் பவளம், சாப்பாட்டு மேசை அளவு. அதில் பாதி வெளுத்து, எலும்பு மாதிரி. 2014-இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய நோய், இங்கே 2020-இல் வந்தது. விளிம்பில் வெள்ளையாக ஒரு பசை பூசிய தடம். மேலே வந்து கேட்டால் அமாக்ஸிசிலின் என்றார்கள். நோய் பரவும் ஓரத்தில் டைவர்கள் கையால் பூசுகிறார்களாம், பவளத்துக்கு ஆன்டிபயாட்டிக். எனக்கு நவம்பரில் காதுக்குக் கொடுத்ததும் அதுதான்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்க்கைக் கழற்றியபோது உள்ளே இரண்டு சொட்டு ரத்தம். யாரும் பார்க்கும்முன் கடலில் அலசிவிட்டேன். இரண்டாவது டைவுக்குக் குளிருகிறது என்று சொல்லிப் படகிலேயே இருந்துவிட்டேன். மச்சினன் ஆமை பார்த்துவிட்டு வந்தான், சின்னப் பையன் மாதிரி.

இப்போது இரவு பதினொன்று. இடது காதில் சங்கை வைத்தது போல ‘ஓ’ என்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

பெலீஸ். கப்பல் நடுக்கடலிலேயே நிற்கிறது, கரையோரம் ஆழமில்லை. சின்னப் படகில்தான் ஊருக்குப் போக வேண்டும். இங்கே டைவ் போடவில்லை. கடலுக்குள் இருக்கும் அந்தப் பெரிய நீலக் குழிக்குப் போய்த் திரும்பவே பகல் போய்விடும், கப்பல் பயணிக்கு அது படத்தில் பார்க்க மட்டும். முந்நூறு மீட்டர் அகலம், நூற்றிருபதுக்கு மேல் ஆழம். மச்சினன் வருத்தப்பட்டான். நான் படவில்லை.

காது அடைத்திருக்கிறது. தலையைச் சாய்த்துக் குதித்துப் பார்த்தேன். அவள், “என்ன, தண்ணி போயிருச்சா?” என்றாள். ஆமாம் என்றேன்.

ரோவட்டானில் கயிறு இருந்தது. கொஸுமெலில் கயிறு கிடையாது. நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுத்துக்கொண்டே போகும். படகிலிருந்து எல்லாரும் ஒன்றாகக் குதித்து ஒன்றாக இறங்க வேண்டும், படகு மேலே தொடர்ந்து வரும். மூன்று மீட்டரில் நின்று தாடையை ஆட்டிக்கொண்டிருப்பவனை விட்டுவிட்டுக் கூட்டம் போய்விடும். 2014-இல் அப்படித்தான் ஆனது. பலங்கர் திட்டில். அவர்களைப் பிடிக்க வேண்டுமென்று வலியோடு வலியாக இறங்கினேன்.

இரவு தாள் வந்தது. கடிகாரத்தை மாற்ற வேண்டாம், கப்பல் நேரத்தையே வைத்திருங்கள் என்று கொட்டை எழுத்தில். ஐந்து வாரமாக இதற்குத்தான் காத்திருந்தேன். படித்துவிட்டு மேசையில் வைத்தேன், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அத்தை மறுபடி வலது பக்கம். ஏசி அங்கே அடிக்கவில்லை, கையை வைத்துப் பார்த்தேன். “அந்தப் பக்கம் சௌகரியமா உக்காருங்களேன் அத்தை” என்றேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு வருசமா இந்தப் பக்கந்தான மாப்ள உக்காருறேன். அங்கன இருந்து பேசுனா உங்களுக்குக் கேக்கலயே” என்றார்.

மச்சினன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

கப்பலில் 5.40. தீவில் 6.40. தூரத்தில் விளக்குகள் தெரிகின்றன. காற்றே இல்லை, கடல் எண்ணெய் மாதிரி.

கொஸுமெல் கடைக்கு வேறு படிவம், அதே பத்துக் கேள்வி. மச்சினனுடையது மூன்று பக்கமும் பிளாஸ்டிக் உறையில் தயார். என்னுடையதில் மூன்று கேள்வி வரை நிரப்பியிருக்கிறேன். கதவைத் தட்டுகிறான். “அத்தான்” என்கிறான், கொஞ்சம் சத்தமாகவே.