மூக்கு முதல் வால் வரை 26 வினாடி

கப்பலின் மூக்கு பெரிஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டைத் தொட்டதும் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினேன். வால் தாண்டும்போது 26 வினாடி.

நேற்று ராத்திரி சைலன்ட் ஹன்டர் 3 என்ற நீர்மூழ்கிக் கப்பல் கணினி விளையாட்டு, தானாகக் குறிவைக்கும் வசதியை அணைத்துவிட்டு.

லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல், நீளம் சுமார் 135 மீட்டர். அதை 26ஆல் வகுத்து, வினாடிக்கு மீட்டரை நாட்டாக (மணிக்கு ஒரு கடல் மைல்) மாற்ற 1.94ஆல் பெருக்கினால் கப்பலின் வேகம் 10 நாட். தூரம் தெரிய வேண்டாம், கப்பல் எந்தக் கோணத்தில் போகிறது என்பதும் வேண்டாம், நம் படகு அசையாமல் நின்றால் போதும். இவ்வளவு எளிமையான கணக்கு வேலை செய்வதே ஒரு சுகம்தான்!

ஆனால் 30 நாட் வேக டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) 1000 மீட்டரைக் கடக்க 65 வினாடி ஆகும். வேகத்தில் 1 நாட் பிசகினால் அதற்குள் கப்பல் 33 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். நடுவில் குறிவைத்தால் அது பரவாயில்லை, எங்கேயாவது படும். 2 நாட் பிசகினால் கப்பலின் ஓரத்தை உரசிக்கொண்டு போய்விடும்.

நிஜப் படகு தண்ணீருக்கடியில் இப்படிச் சும்மா நிற்கவும் முடியாது. ஆழத்தைப் பிடித்துவைக்க மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிஸ்கோப்பை 26 வினாடி நீட்டி வைத்திருந்தால் காவல் கப்பல் பார்த்துவிடலாம், எதிரி வளைந்து வளைந்து ஓட்டினால் அதுவரை எடுத்த கணக்கு குப்பைக்குத்தான். அதனால் கப்பலின் மூக்கில் எழும் நுரையைப் பார்த்தே வேகத்தை மதிப்பிடுவதும் உண்டு.

நுரையை மட்டும் கணினித் திரையில் நான் நம்பமாட்டேன்.