சோக்கை எங்கே கட்டுவது? மொட்டை மாடி எண்ட்ஃபெட்டுடன் மூன்று வாரம்

ஹாம் ரேடியோவில் மோர்ஸ் மட்டும் அனுப்பும் உலகப் போட்டியான நவம்பர் கடைசி வார சிகியூ வேர்ல்டு வைடு சிடபிள்யூ முடிந்து இரண்டு நாள் ஆகிறது. லாகில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் 187 தொடர்புகள். எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிய சந்தோஷம் என்னவென்றால், போட்டி முழுக்கக் கீயர் (மோர்ஸ் புள்ளி, கோடுகளை உருவாக்கும் கருவி) ஒரு தடவைகூடத் தானாகப் புள்ளி அடிக்கவில்லை. அக்டோபரில் இதே மேஜையில் 20 வாட்டைத் தாண்டினாலே போதும், அதன் சாவியான பேடிலைத் தொடாமலே டிடிடிடி என்று ஓட ஆரம்பித்துவிடும். மவுஸ் உறைந்துபோகும். பக்கத்து அறை எல்இடி விளக்கு என் மோர்ஸுக்குச் சரியாகக் கண் சிமிட்டும்.

இடம் பெங்களூரு, லிங்கராஜபுரம். மூன்றாவது மாடி வீடு, மேலே மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியில் ஒரு முனை, எதிர் மூலையில் நிறுத்திய மூங்கிலில் மறுமுனை. 40 மீட்டர் பேண்டுக்கான எண்ட்ஃபெட் (ஒரு முனையில் மட்டும் சிக்னல் ஊட்டும் கம்பி ஆண்டெனா), 49:1 டிரான்ஸ்பார்மர், அங்கிருந்து அறைக்குள் 11 மீட்டர் ஆர்ஜி 58 கோஆக்ஸ் கேபிள். எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3. எண்ணைப் பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு மாதம் வீணானது.

முதலில் டிரான்ஸ்பார்மர் மேல்தான் சந்தேகம். எஃப்டி 240-43 ஃபெரைட் வளையத்தில் 2க்கு 14 சுற்று, பிரைமரியில் 100 பிகோஃபாரட். பிரித்துச் சுற்றினேன், மறுபடி பிரித்துச் சுற்றினேன். 2,200 ஓமும் 270 ஓமும் தொடராக வைத்து நானோ விஎன்ஏவில் (ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி) பார்த்தால் 7 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரை 1.3க்குள் நின்றது. டிரான்ஸ்பார்மர் சுத்தம். மூன்றாவது தடவை சுற்றியது வீண் வேலை. இந்த 2,470 ஓம் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

கேஜிஎஃப்பில் பிறந்து இங்கே குடியேறிய மூத்த ஹாம் ஒருவர் இருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"தம்பி, விஎன்ஏவை அறை முனையில மாட்டுங்க. கோஆக்ஸைக் கையால இறுக்கிப் பிடிங்க. கோடு நகருதா?"

பிடித்தேன். 1.3 இருந்த இடம் 1.7க்குப் போனது. கையை எடுத்தால் திரும்பி வந்தது. ஒரு அடி தள்ளிப் பிடித்தால் வேறு எண்.

"அப்போ என் கோஆக்ஸும் ஆண்டெனாதானா அண்ணா?" என்று கேட்டேன்.

"ஆண்டெனாவோட பாதியே அதுதான் தம்பி. கம்பிக்குப் போற கரண்ட் எங்கேயோ திரும்பி வரணுமில்ல?"

கம்பியின் முனையில் மின்னோட்டம் குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும். நாம் தராவிட்டால் கோஆக்ஸ் ஷீல்டின் வெளிப்பரப்பை அது எடுத்துக்கொள்ளும். என் 11 மீட்டர், 40 மீட்டர் பேண்டுக்கு ஏறத்தாழ கால் அலை. ரிக் (ரேடியோப் பெட்டி) முனை பவர் சப்ளை வழியாக எர்த்தில் சேர்கிறது. அப்படியானால் ஷீல்டில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் இடம் என் மேஜை. கீயர் ஒயர், மவுஸ் ஒயர் எல்லாம் அதன் மேலேயே கிடக்கின்றன. 20 மீட்டர் பேண்டில் இதே தொல்லை அவ்வளவாக இல்லாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே இதே 11 மீட்டர் அரை அலை ஆகிவிடுகிறது.

சரி, ஷீல்டின் வெளிப்பரப்பில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்க சோக் (ஃபெரைட் வளையத்தில் சுற்றிய கோஆக்ஸ்) போட வேண்டும். அதை எங்கே போடுவது என்பதில்தான் அடுத்த இரண்டு வாரம் போனது.

அதற்கு முன் வளையக் கதை. எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோடு முழுக்க அலைந்தேன். ஃபெரைட் வளையம் கேட்டால் பெட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கொட்டுவார்கள். பெயர் கிடையாது, எண் கிடையாது. மஞ்சளும் வெள்ளையும் பூசியவை கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து வந்த இரும்புத் தூள் வளையங்கள், 26ஆம் வகை. நம் வேலைக்கு அவை வேண்டாம். கறுப்பு, சாம்பல் நிறத்தில் இருப்பவற்றை ஐந்து சுற்று சுற்றி, 1 மெகாஹெர்ட்ஸில் இண்டக்டன்ஸ் பார்க்க வேண்டும். எஃப்டி 240-43 என்றால் 27 மைக்ரோஹென்றி பக்கம் வரும். அதே அளவு வளையம் 60, 70 காட்டினால் அது பெரும்பாலும் சுவிட்சிங் சப்ளைக்கான ஃபெரைட். கடைக்கே விஎன்ஏவும் ஒரு முழம் ஒயரும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தானும் கூட நின்று பார்த்தார். ஆனால் சோக்குக்கு நல்லது 31ஆம் வகை ஃபெரைட். அங்கே எனக்கு அது கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பரிடம் சொல்லி எஃப்டி 240-31 இரண்டு வரவழைத்தேன். விலை உறைத்தது, ஆனால் கொடுத்த பணத்துக்கு முழு வேலை செய்கிறது.

சோக்கை அளக்கும் முறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோஆக்ஸின் உள்கம்பியை விட்டுவிடுங்கள். ஷீல்டின் ஒரு முனையை விஎன்ஏ முதல் போர்ட்டின் நடு ஊசியிலும், மறுமுனையை இரண்டாம் போர்ட்டின் நடு ஊசியிலும் மாட்டி எஸ்21 (ஒரு போர்ட்டிலிருந்து மற்றதற்கு எவ்வளவு கடக்கிறது என்ற எண்) பாருங்கள். மைனஸ் 30 டெசிபல் என்றால் ஏறத்தாழ 3,000 ஓம். எஸ்பி ரோடு பெயரில்லா வளையத்தில் ஏழு சுற்று போட்டது 7 மெகாஹெர்ட்ஸில் மைனஸ் 14 மட்டுமே காட்டியது, அதாவது 400 ஓம். எஃப்டி 240-31இல் ஆர்ஜி 58 பன்னிரண்டு சுற்று, மைனஸ் 32. கிட்டத்தட்ட 3,900 ஓம். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒன்றையொன்று தொடாமல் வளையத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சுற்றினேன். நெருக்கிச் சுற்றியபோது மேல் பேண்டுகளில் கோடு சட்டென்று சரிந்தது. கோஆக்ஸை இழுத்து மடக்காதீர்கள். உள்கம்பி நாளடைவில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். இதமான வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சுற்றினால் தானாக வளைகிறது.

இப்போது இடம்.

முதல் வாரம் ரிக்கின் பின்னாலேயே கட்டினேன். கீயர் அடங்கியது, மவுஸ் உயிர் பெற்றது. வேலை முடிந்தது என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். ஆனால் ரிக்கின் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் இரைச்சல் அப்படியே 7இல் நின்றது. யோசித்தால் இதில் வியப்பில்லை. மாடியிலிருந்து ஜன்னல் வரை வரும் கோஆக்ஸ் இன்னும் ஆண்டெனாதான். லிஃப்ட் அறையையும், மூன்று வீட்டு இன்வெர்ட்டர்களையும் உரசிக்கொண்டு இறங்கி அத்தனை இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் வாரம் டிரான்ஸ்பார்மர் பெட்டியை ஒட்டியே கட்டினேன். எஸ்டபிள்யூஆரின் குழி 7.03 மெகாஹெர்ட்ஸில் இருந்து மேலே நகர்ந்து 1.9 ஆனது. பத்து நிமிடம் சிகியூ (பொது அழைப்பு) போட்டுவிட்டு மாடிக்கு ஓடித் தொட்டுப் பார்த்தேன். சோக் வளையம் வெதுவெதுப்பாக இருந்தது. எதிர்ப்பக்கமே இல்லாமல் செய்துவிட்டேன். மின்னழுத்தம் முழுக்க சோக்கின் மேல் நின்றது.

மூன்றாம் வாரம், டிரான்ஸ்பார்மரிலிருந்து கோஆக்ஸில் 2.1 மீட்டர் தள்ளி. அலைநீளத்தில் 0.05 பங்கு என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லும் கணக்கு. அந்த இரண்டு மீட்டர் ஷீல்டு கம்பிக்கு எதிர்ப்பக்கம், அதாவது கவுண்டர்பாய்ஸ் ஆகிறது. அதற்கு அப்பால் மின்னோட்டம் போக முடியாது. டேப்பால் அளந்து, கோஆக்ஸில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி அடையாளம் வைத்துக் கட்டினேன். விஎன்ஏ அறையில். கோஆக்ஸைப் பிடித்தேன். கோடு அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன், உதறினேன், மடியில் போட்டுக்கொண்டேன். 1.4 அப்படியே நின்றது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

சோக் இடம் மாறினால் கம்பி நீளமும் மாறும் என்பதை மறக்காதீர்கள். நான் 20.5 மீட்டரில் தொடங்கினேன், குழி 6.82 மெகாஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்தது. 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 35 கிலோஹெர்ட்ஸ் என்று கணக்கு வைத்துக் குறைத்து வந்து 19.9இல் நிறுத்தினேன். வெட்டாதீர்கள், முனையை மடித்துக் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள். சாதாரண வீட்டு ஒயரிங் கம்பிதான், பிவிசி உறையோடு. உறை இருப்பதால் வெறும் செம்புக் கம்பிக்கான கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் வரும்.

இரைச்சல் 7இல் இருந்து 5க்கு இறங்கியது. மிச்சத்தைத் தேட மெயின் எம்சிபியை அணைத்துவிட்டு ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினேன். இன்னும் ஒரு எண் இறங்கியது. அப்படியென்றால் அந்த ஒன்று என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பழைய பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து ஒவ்வொரு பிளக் பாயிண்ட் அருகிலும் கொண்டுபோனேன். வைஃபை ரவுட்டரின் அடாப்டர் பக்கத்தில் போனதும் கரகரவென்று கத்தியது. அடாப்டரை மாற்றினேன், எஸ் 4. இது ஐந்து நிமிட வேலை. எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும்.

போட்டி விஷயம் சுருக்கமாக. தொடக்கம் நம் நேரம் சனி காலை 5:30. அப்போது இங்கே இன்னும் இருட்டு, 40 மீட்டரில் ஐரோப்பா திறந்திருக்கும். சூரியன் ஏறுவதற்குள் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள். ஐரோப்பா ஒவ்வொன்றும் 3 புள்ளி, ஜப்பானோ ஆசியாவுக்குள் என்பதால் 1 புள்ளிதான். ஆனால் மாலை ஆறு மணிக்கு வரும் ஜப்பானியர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர்கள் சுத்தமாக அனுப்புகிறார்கள். கை பழக அதைவிட நல்ல நேரம் கிடையாது.

போட்டிக் கணக்கில் நாம் 22ஆம் மண்டலம். நம்மைப் பிடித்தால் மற்ற நாட்டவர்களுக்கு ஒரு நாடும் ஒரு மண்டலமும் சேர்ந்து கிடைக்கலாம். அதனால் 40 வாட்டுக்கும் கூட்டம் சேர்கிறது. கிளஸ்டரில் (யார் எங்கே அனுப்புகிறார் என்று ஹாம்கள் பகிரும் இணையப் பட்டியல்) பெயர் வந்ததும் எல்லோரும் ஒரே அலைவரிசையில் வந்து குவிந்து ஒரு இரைச்சல் மட்டுமே கேட்கும். அப்போது ரிசீவரை மட்டும் 150 ஹெர்ட்ஸ் தள்ளினேன். ஓரத்தில் தனியாக நின்ற ஒருவர் தெளிவாகக் கேட்டார். ஒருவரின் அழைப்புக் குறியில் இரண்டு எழுத்து கிடைத்தால் அந்த இரண்டையே திருப்பி அனுப்புங்கள், அவர் முடியும் வரை வேறு யாருக்கும் பதில் தராதீர்கள். நடுவில் மாறினால் கூட்டம் கட்டுக்கடங்காது. ரிவர்ஸ் பீக்கனில் (கேட்கும் சிக்னலின் பலத்தைத் தானாகப் பதிவிடும் இணைய வலை) ஐரோப்பிய நிலையங்கள் தந்த டெசிபலை அக்டோபரோடு ஒப்பிட்டேன். அனுப்பும் பக்கம் பெரிய மாற்றமில்லை. ஆதாயம் முழுக்கக் கேட்கும் பக்கம். அக்டோபரில் என்னைக் கூப்பிட்டு நான் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பாதுகாப்பில் ஒன்று. 40 வாட்டில் ஆண்டெனாக் கம்பியின் முனையில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஓனர் அம்மா மாடியில் வடகம் காயவைப்பார்கள். "தம்பி, இந்தக் கம்பில துணி போடலாமா?" என்று முதல் வாரமே கேட்டார்கள். "வேண்டாம்மா, ஷாக் அடிக்கும்" என்று சொல்லி, தொட்டிப் பக்கத்து முனையை இன்னும் நான்கு அடி உயர்த்தினேன். அவர்களுக்குத் தனியாக நைலான் கொடி ஒன்றும் கட்டிக் கொடுத்தேன்.

டிரான்ஸ்பார்மர் பெட்டி இன்னும் தற்காலிகம்தான். எலக்ட்ரிக்கல் கடை ஜங்ஷன் பாக்ஸ், அடியில் ஒரு ஓட்டை மட்டும் போட்டிருக்கிறேன். முழுக்க அடைத்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் நிற்கிறது. சோக்குக்குப் பெட்டியே இல்லை, பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துக் கயிறு கட்டியிருக்கிறேன். மூங்கிலும் அடியில் பிளக்க ஆரம்பித்துவிட்டது. பேம்பூ பஜாரில் வாங்கும்போது பச்சையாக இருப்பதை எடுக்காதீர்கள், காய்ந்து கனமான கழியாகக் கேளுங்கள். அடிப்பக்கத்தைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்.

அதற்குள் மனம் 80 மீட்டருக்குப் போய்விட்டது. இதே கம்பியின் மறுமுனையில் 110 மைக்ரோஹென்றி காயில் (கம்பிச்சுருள்), அதற்கப்பால் இரண்டு மீட்டர் வால். காயிலுக்குப் பிவிசி குழாய் வாங்கியாகிவிட்டது, எனாமல் கம்பி பாதிச் சுருள் இருக்கிறது. ஆனால் 80 மீட்டருக்கு 0.05 பங்கு என்றால் நான்கு மீட்டருக்கு மேல். சோக்கை மறுபடி நகர்த்த வேண்டுமா, அல்லது இரண்டாவது எஃப்டி 240-31ஐ அங்கே தொடராகப் போட்டால் போதுமா என்று பார்க்க வேண்டும். சிவப்பு டேப்பைத் தாண்டி, டிரான்ஸ்பார்மரிலிருந்து 4.2 மீட்டரில் நேற்றே நீல டேப் ஒட்டிவிட்டேன்.