21வது நாள் காலைல

நேத்து எங்க சிறுவிடைக் கோழி 9 குஞ்சு எறக்கிருச்சு! அடை வச்சது 11 முட்டை, 7வது நாள் ராத்திரி செல்போன் லைட்ட அடிச்சுப் பாத்தப்ப ரெண்டு மட்டும் வெறுமனே தெளிவா இருந்துச்சு, கூமுட்டைன்னு எடுத்துட்டோம், மத்ததுல எல்லாம் சிலந்தி மாதிரி செவப்பா நரம்பு ஓடுது, அதப் பாத்ததுலருந்து எம்பொண்ணு தெனம் காலண்டர்ல கோடு போட ஆரம்பிச்சுட்டா. ஓடு விரிசல் விட்டதும் உரிச்சு விடவா ஆச்சின்னு கேட்டா, அம்மா தொடவே விடல. "தானா வரட்டும்டி, இழுத்தா ரத்தம் வந்துரும்". அடைக்கூடை மணல்ல கரித்துண்டும் வரமிளகாயும் போட்டுத்தான் வைப்பாங்க, இடிக்கு முட்டை கெடாதுன்னு, நானும் அத மாத்தல.

போன வாரம் எங்க கன்னி ரக வெள்ளாடும் ரெட்டைக்குட்டி போட்டுச்சு. சின்னது எந்திரிக்கவே முடியாம கெடந்துச்சு, எங்க வீட்டுக்காரரு மடில வச்சு சாக்கால தொடச்சுத் தொடச்சு சூடேத்தி, சீம்பாலப் பீச்சி கொஞ்சம் கொஞ்சமா வாய்ல விட்டாரு, ராத்திரி பூரா தூங்கல. எனக்கு அழுகையே வந்துருச்சு. இப்ப அதுதான் திண்ணைல ஏறி மொதல்ல குதிக்குது.

குஞ்சுங்களுக்கு கம்பங்குருணை வச்சு பஞ்சாரத்துல கவுத்தாச்சு, காக்கா வேற சுத்திக்கிட்டே இருக்கு, பொண்ணு ஸ்கூல்லருந்து வந்ததும் காவலுக்கு உக்காந்துருவா.