ஜிஆர்இ இன்னீக்வாலிட்டி கணக்கு எனக்கு எப்படி வசப்பட்டுச்சு

ஜிஆர்இ (மேல்படிப்புல சேர எழுதற பரீட்சை) குவான்ட்ல, அதாவது கணக்குப் பகுதில, என்னை ரொம்ப படுத்தினது இன்னீக்வாலிட்டிதான், ஈக்வேஷன்னா மளமளன்னு போட்டுடுவேன், இந்த > < குறி வந்தா மட்டும் கை நின்னுடும். 2023 செப்டம்பர்ல இருந்து பரீட்சையே சுருங்கிடுச்சு, குவான்ட் மொத்தம் 27 கேள்வி 47 நிமிஷம், முதல் செக்‌ஷன்ல 12 கேள்விக்கு 21 நிமிஷம்தான், அதுல எப்படி பண்றோமோ அதை வச்சுதான் ரெண்டாவது செக்‌ஷன் எவ்ளோ கஷ்டமா வரும்னு முடிவாகும். ஒரே கணக்கை கட்டிக்கிட்டு அழ நேரமே இல்ல.

முதல்ல கம்பேரிசன் கேள்வி, ஏ, பி-ன்னு ரெண்டு மதிப்பு குடுத்து ஒப்பிடச் சொல்வாங்க. ஏ பெருசா, பி பெருசா, ரெண்டும் சமமா, இல்ல சொல்லவே முடியாதா, இதான் நாலு ஆப்ஷன். எக்ஸ் > 0, ஏ-ல எக்ஸ் ஸ்கொயர், பி-ல எக்ஸ்னு வைங்க. 2 போட்டா ஏ பெருசு, அரை போட்டா கால் ஆகி பி பெருசு, ரெண்டு விதமா வந்துடுச்சுல்ல, அதோட முடிஞ்சுது, சொல்ல முடியாதுன்னு அடிச்சுட்டு அடுத்ததுக்கு போயிடலாம். 0, 1, அரை, மைனஸ் அரை, மைனஸ் 3, 100 இதையெல்லாம் வரிசையா போட்டுப் பார்க்கறதை பழக்கமாவே ஆக்கிக்கிட்டேன் (கேள்வி எதை அனுமதிக்குதோ அதை மட்டும்).

ஆனா இதை மட்டும் நம்பக்கூடாது. ஏ-ல எக்ஸ் ஸ்கொயர் + 9, பி-ல 6எக்ஸ். மேல சொன்ன எந்த நம்பர் போட்டாலும் ஏ-தான் பெருசா வரும். கழிச்சுப் பாருங்க, (எக்ஸ் – 3) ஹோல் ஸ்கொயர் வருது, நெகட்டிவ் ஆகவே ஆகாது, ஆனா எக்ஸ் 3-ஆ இருந்தா சைபர், ரெண்டு பக்கமும் 18. அப்போ பதில் சொல்ல முடியாதுதான். இந்த ஒரு கணக்குதான் எனக்கு கண்ணைத் திறந்துச்சு, நம்பர் போடறது ஒரு விடையை உடைக்கத்தான், உறுதி பண்ண கழிச்சுதான் ஆகணும்.

அடுத்து சைன், அதாவது பிளஸ்ஸா மைனஸாங்கறது. 1/எக்ஸ் < 1/3-ன்னா எக்ஸ் > 3-ன்னு உடனே எழுதத் தோணும், ஆனா எக்ஸ் நெகட்டிவா இருந்தாலும் இது சரிதானே, அதனால எக்ஸ் < 0-வும் சேரும். சைன் தெரியாத எதாலயும் பெருக்காதீங்க வகுக்காதீங்க, தெரியலன்னா பாசிட்டிவ் ஒரு கேஸ் நெகட்டிவ் ஒரு கேஸ்னு பிரிச்சுடுங்க.

ரேஞ்ச் கணக்குல ரெண்டையும் பெருக்கணும்னா நாலு மூலை போதும், அதாவது ரெண்டோட ஓர மதிப்புகளையும் ஜோடி சேர்த்துப் பெருக்கிப் பார்த்தா போதும். எக்ஸ் –3-ல இருந்து 5 வரைக்கும், ஒய் –4-ல இருந்து 2 வரைக்கும்னா பெருக்கினா வர்ற பெரிய மதிப்பு 5 × 2 = 10 இல்ல, –3 × –4 = 12. சின்னது –20. எக்ஸ் ஸ்கொயர் மட்டும் கேட்டா 9-ல ஆரம்பிக்காது, நடுவுல சைபர் இருக்கறதால 0-ல இருந்து 25.

வீட்ல இருந்து எழுதறவங்க சாதா பேப்பர்ல எழுத முடியாது, சின்ன ஒயிட்போர்டு, இல்லன்னா பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்ச ஒரு பேப்பர், அதுமேல அழிக்கற மார்க்கர்தான், அதனால அதுலயே நம்பர் லைன் போட்டு இப்பவே பழகுங்க. பரீட்சையை நடத்தற இடிஎஸ் தர்ற பவர்பிரெப்ங்கற ஃப்ரீ மாதிரி டெஸ்ட் ரெண்டையும் முதல்லயே காலி பண்ணிடாதீங்க, ஒண்ணாவது கடைசி வாரத்துக்கு இருக்கட்டும்.